பச்சை வீட்டு முனையில் நின்ற தேர்

முதல் ஏச்சு சக்கரத்துக்கு விழுந்தது.

"இது என்னலே சக்கரம்? அப்பளத்தக் குத்தவச்சு உருட்டுன மாதிரில்ல இருக்கு!"

சொன்னவர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தவர். முப்பது வயது இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த வீடியோ கேம்ஸ் கடையில், புதிதாக வைத்த கம்ப்யூட்டர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். பின்னால் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தக் கூட்டத்தில் என் தம்பியும் நின்றான். திரையில் ஓடிய அந்த ஆட்டத்தைச் செய்தவன் அவன்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம் அது. நான் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சர். மாடியில் இரண்டு அறைகள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது. மனிதருக்கு இல்லாத ஏசி அதற்கு இருந்தது. எல்லாம் கறுப்பு வெள்ளைத் திரைகள், ஒன்றே ஒன்றுதான் கலர். சாயங்கால வகுப்பு முடிந்ததும் அந்தக் கலர் கம்ப்யூட்டரில் தம்பி உட்காருவான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தான். எனக்குத் துணையாக பஸ்ஸில் வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, வந்த இடத்தில் ஒரு தேரைக் கட்டிக்கொண்டிருந்தான்.

ஆமாம், தேர்தான். எங்கள் ஊர் ஆடிப்பூரத் தேர். எண்பதுகளில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் மொட்டைமாடியிலிருந்து அதைப் பார்ப்போம். ஊரெல்லாம் தேரின் உச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும் குனிந்து அடியைப் பார்ப்பான். அந்தப் பெரிய தேருக்கு ஸ்டியரிங்கா இருந்தது? ஆயிரம் பேர் வடம் பிடித்து இழுப்பார்கள். கீழே நாலைந்து பேர் உருள்கிற சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் அதைத் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். கொஞ்சம் பிந்தினால் தேர் யாராவது வீட்டு வாசலுக்குள் போய் நிற்கும். இவனுக்கு ராத்திரி சோறு இறங்காது. "எப்படிக்கா சரியா வைக்காக?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். எனக்கு என்ன தெரியும்? "போய்த் தூங்குலே" என்பேன்.

அந்தக் கேள்வியைத்தான் அவன் ஆட்டமாகச் செய்தான். நான்கு ரத வீதிகள். தேர் தானாக உருண்டு வரும். ஆடுகிறவர் சரியான நேரத்தில், சரியான சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். இடது சக்கரத்துக்கு ஒரு பொத்தான், வலது சக்கரத்துக்கு ஒரு பொத்தான். மூன்று தடவை வீட்டுச் சுவரில் முட்டினால் ஆட்டம் முடிந்தது. நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வந்தால் ஜெயித்தீர்கள். கேட்க இவ்வளவுதான். செய்ய ஒரு வருஷத்துக்குப் பக்கத்தில் ஆயிற்று. ஒவ்வொரு வீட்டையும் புள்ளி புள்ளியாக வரைந்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிற எங்கள் சென்டர் முதலாளி ஒருநாள் எட்டிப் பார்த்து, "ஏமிரா இதி?" என்றார். "தேருங்க" என்றான். அவர் செத்த நேரம் நின்று பார்த்துவிட்டு, கரண்ட் பில் ஏறாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிப் போய்விட்டார். அதுவரை வந்ததில் அதுதான் நல்ல விமர்சனம்.

அப்பாவுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. அவர் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் சொல்லி, தம்பிக்கு சூப்பர்வைசராகப் பழக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "ஆடிப்பூரம் வரைக்கும் பொறுங்கப்பா. நம்ம ஊரு ஜனங்க இத ஆடுனாங்கன்னா நான் இதையே தொழிலா வச்சுக்கிடுதேன். ஆடலேன்னா மில்லுக்குப் போயிருதேன்." வீடியோ கேம்ஸ் கடை அண்ணாச்சியும் வாக்குக் கொடுத்திருந்தார். துபாயில் பத்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர் அவர். "சனம் ஆடட்டும் தம்பி. மதுரையில என் சேக்காளிக நாலு பேரு கடை வச்சிருக்கான். அம்புட்டுப் பேருக்கும் சொல்லுதேன். அடுத்த ஆட்டமும் நீயே செய்." அப்பா அரைமனதாகத் தலையாட்டினார். அவ்வளவுதான் தம்பிக்குக் கிடைத்த தவணை.

சனம் ஆடியது. அதை நான் மறுக்க மாட்டேன். மற்ற டிவிகளில் ஜப்பான்காரன் ஆட்டங்கள் கிடக்க, எங்கள் தேருக்குத்தான் வரிசை நின்றது. நம் தெரு, நம் தேர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் ஆடி முடித்து எழுந்தவர் ஒருவராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்டதில்லை. ஜப்பான்காரன் மனிதனைத் தவளையாகத் தாவவிட்டால் வாயை மூடிக்கொண்டு ஆடுவார்கள். இவன் சொந்த ஊர்க்காரன், அதனால் ஆளுக்கொரு நொட்டை.

வடம் இழுக்கிறவர்கள் தீக்குச்சி மாதிரி இருக்கிறார்களாம். தேர் அசைகிற சத்தம் கோழிக் கழுத்தைத் திருகுகிற சத்தமாம். பாவி மக்கா, அந்தக் கம்ப்யூட்டரில் கீச்சென்ற ஒரே சத்தம்தான் வரும், அவன் என்ன நாதஸ்வரமா வாசிப்பான்? ஒருத்தர் தேர் ரொம்ப மெதுவாகப் போகிறது என்பார். அடுத்தவர் "இது தேரா, ரேஸ் காரா?" என்பார். மதுரையில் படிக்கிற, லீவுக்கு வந்திருந்த ஒரு காலேஜ் பையன், வெளிநாட்டு ஆட்டங்களின் பெயராக நாலைந்து அடுக்கிவிட்டு, "இதெல்லாம் ஒரு கேமா? காறித் துப்பிருவாங்க" என்று ஆங்கிலம் பாதி தமிழ் பாதியாகச் சொல்லிவிட்டு, திரும்ப உட்கார்ந்து இன்னொரு தடவை ஆடினான்.

இவர்களில் எல்லாம் பெரிய ஆள் அந்த லாரி ஆபீஸ்காரர்தான். தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். வந்ததும் முதல் வேலை ஏசுவது. "இன்னைக்காவது சக்கரத்த உருட்டுனானா, இல்ல அதே அப்பளந்தானா?" அண்ணாச்சி ஒருநாள் வாய்தவறி, செய்தவன் இவன்தான் என்று தம்பியைக் காட்டிக் கொடுத்துவிட்டார். அத்தோடு தீர்ந்தது. தம்பி கடைவீதியில் போனால் பின்னாலிருந்து யாராவது, "ஏலே அப்பளம்!" என்று கூப்பிடுவார்கள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே கடைக்குப் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, நீங்க ஒரு சக்கரம் வரைஞ்சு காட்டுங்க பாப்போம். என் தம்பி கத்துக்கிடட்டும்."

அவர் பதறவே இல்லை. "டீச்சர், ஓட்டல்ல தோச கருகியிருக்குன்னு சொல்லுததுக்கு நான் மாஸ்டரா இருக்கணுமா?"

கூட்டம் அவருக்குக் கைதட்டியது. "தோசக்கல்லையே நக்கித் தின்னுட்டு, தினமும் வந்து திரும்பவும் தோச கேக்கீகளே, வெக்கமா இல்ல?" என்று மறுநாள் பஸ்ஸில் ராஜபாளையம் போகும்போதுதான் எனக்குப் பதில் தோன்றியது. பாதி வழியில் தோன்றி என்ன பிரயோசனம்?

தம்பி என்னிடம் கோபித்துக்கொண்டான். "நீ எதுக்குக்கா அங்க போய்ச் சண்ட போடுத? அவரு சொல்லுததுல நியாயம் இருக்கு. சக்கரம் உருளல, சறுக்குது." சொல்லிவிட்டு, சக்கரத்துக்கு ஆரக்கால் வரைந்து, சுற்றவைத்து, புது ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தான். லாரிக்காரர் பார்த்தார். "ம். இப்பச் சக்கரம் சுத்துது. தேர் மேல சீல ஆடலையே?" என்றார். தம்பி திரும்பி வந்து சீலையை ஆடவைத்தான். தீக்குச்சி மனிதர்களுக்கு வேட்டி கட்டிவிட்டான். மெது என்றவருக்கு வேகம் கூட்டினான், வேகம் என்றவருக்குக் குறைத்தான். யார் என்ன சொன்னாலும் அவனுக்கு மறக்காது. எனக்கு மளிகைச் சாமான் ஞாபகம் இருப்பதுபோல அவனுக்கு ஏச்செல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது. நான் ஊரோடு மல்லுக்கட்டினேன், அவன் ஊர் சொன்னபடியெல்லாம் ஆடினான். இரண்டுபேர் செய்ததிலும் ஓர் ஏச்சுகூடக் குறையவில்லை.

இதுவரைக்கும் வந்ததெல்லாம் விளையாட்டு. ஆனி மாதம் வந்தது வேறு.

தம்பி வீடுகளைப் புள்ளி புள்ளியாக வரைந்தான் என்று சொன்னேன் அல்லவா? அவன் கற்பனையாக வரையவில்லை. நான்கு வீதியிலும் நடந்து, பார்த்துப் பார்த்து, நிஜ வீடுகளையே வரைந்துவிட்டான். யார் வீட்டில் இரும்புக் கேட், யார் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் அப்படியே. அதைத்தான் ஆடுகிறவர்கள் ரசித்தார்கள். "ஏலே, எங்க வீடுலே!" என்று திரையைத் தொட்டுக் காட்டுவார்கள். இதில் இருக்கிற வில்லங்கம் எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. தேர் திரும்புகிற நான்கு முனைகளில் மூன்றாவது முனை கஷ்டம். அங்கேதான் எல்லோரும் மூன்றாவது தடவை முட்டித் தோற்பார்கள். அந்த முனையில் பச்சைச் சுவரும் நீலக் கதவுமாக ஒரு வீடு இருந்தது. தேர் அந்த நீலக் கதவில் முட்டிக்கொண்டு நிற்க, "ஆட்டம் முடிந்தது" என்று எழுத்து விழும். ஒரு நாளைக்கு எத்தனையோ தேர் அந்த வீட்டு வாசலில் நின்றது.

எங்கள் ஊரில் தேர் புறப்பட்டால் நிலைக்கு வந்து சேர வேண்டும். வழியில் நின்றால் ஊரே முகம் வாடிப்போகும். சிரிக்க மாட்டார்கள், நல்ல காரியம் பேச மாட்டார்கள். எவர் வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டார் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, எங்களால் வந்ததோ என்று மருகிப் போவார்கள். இது எங்களுக்குப் பால்குடி காலத்திலிருந்து தெரியும். தெரிந்தும், மூன்று தடவை முட்டினால் ஆட்டம் முடியும் என்று வெளிநாட்டு ஆட்டத்தைப் பார்த்து அவன் செய்துவைத்தான். தேரை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஆட்டத்தை முடித்தால் யார் மனதுக்கு ஒப்பும்? சில பேர் தோற்ற பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். "தேர இப்படியே விட்டுட்டு எப்படி அண்ணாச்சி வீட்டுக்குப் போறது?" என்று திரும்பத் திரும்ப ஆடுவார்கள். அண்ணாச்சிக்கு அதில் சந்தோஷம்தான்.

பச்சை வீட்டு அம்மா ஒரு காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. எங்கள் அம்மா தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை.

"உங்க மகன் செஞ்ச ஆட்டத்துல எங்க வீட்டு முன்னால தேர் நிக்குதாமே?"

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான், "அது வெறும் படம் அத்தை, விளையாட்டு" என்றேன்.

"வெளையாட்டா? சுந்தரபாண்டியத்துல இருந்து எம் மகளப் பொண்ணு பாத்துட்டுப் போனாக. எல்லாம் பிடிச்சிருந்துச்சு. மாப்பிள்ளையோட தம்பிக்காரன் இங்க கடையில வந்து ஆடியிருக்கான். போயி, 'அது தேர் முட்டுத வீடுல்லா, அந்தப் புள்ள வேண்டாம்'னு சொல்லியிருக்கான். இப்ப அவிய பதிலே சொல்ல மாட்டேங்காக. தெருவுல சின்னப் பயலுக எல்லாம் எம் மகளப் பாத்து 'தேர் முட்டுத வீடு'ங்கான். அவ வெளிய வாரதில்ல. இப்பச் சொல்லு, வெளையாட்டா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா, "ஏட்டி, நீ பேசாத இரி" என்று அதட்டினாள். தம்பி உள்ளேயிருந்து வந்து அந்த அம்மா காலில் விழுந்துவிட்டான். அவர் பின்னால் நகர்ந்தார். "கால்ல விழுந்தா மாப்பிள வருவானாய்யா?" என்று கேட்டார். ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏசியிருப்பேன். அழுதுகொண்டே கேட்டார், போய்விட்டார். தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாளே ஆட்டத்தில் அந்தப் பச்சையை எடுத்துவிட்டு மஞ்சள் அடித்தான். கதவை மரக் கலராக்கினான். ஒரு வாரத்தில் மஞ்சள் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அவர் அதே வீதியில் நாலு வீடு தள்ளி. "எங்க வீட்ட எதுக்குலே தூக்கி முனையில வச்ச?" பிறகு முனையில் வீடே வேண்டாம் என்று வெறும் சுவராக்கினான். அதற்கும் ஒருத்தர், "அங்கிட்டு என் தாத்தா கட்டுன வீடு இருந்துச்சே, இடிச்சிட்டியா?" என்றார். சிரிக்காதீர்கள். அவர் சிரிப்புக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே மனம் நொந்துபோய்க் கேட்டார்.

கடைசியில் தம்பி ஒரு முடிவுக்கு வந்தான். ஆடி பிறக்க நாலு நாள் இருந்தபோது என்னிடம் சொன்னான்.

"அக்கா, தேர் முட்டாமப் பண்ணிட்டேன். யாரு ஆடுனாலும், எப்படி ஆடுனாலும், தேர் நிலைக்கு வந்துரும். யார் வீட்டு முன்னாலயும் நிக்காது."

"அப்ப என்னத்துக்குலே ஆடணும்?" என்று கேட்டேன்.

"யாரும் ஏச மாட்டாங்கல்லா?" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

உண்மைதான், யாரும் ஏசவில்லை. புதுசு வந்திருக்கிறது என்று லாரிக்காரர் முதலில் உட்கார்ந்தார். கட்டை வைத்தார், தேர் திரும்பியது. வேண்டுமென்றே கட்டை வைக்காமல் பார்த்தார், அப்போதும் திரும்பியது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். தேர் அதன்பாட்டுக்கு நாலு வீதியும் சுற்றி நிலைக்குப் போய் நின்றது. மணிக்குப் பதில் கீச்சென்று ஒரு சத்தம், பூ விழுந்தது. லாரிக்காரர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"இதுல உசுரு இல்ல தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். அன்றைக்கு அவர் அப்பளம் என்று சொல்லவில்லை. அதைக்கூடச் சொல்லவில்லையே என்று தம்பி வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்து அந்த நாற்காலியில் ஆளே இல்லை. அண்ணாச்சி நல்ல மனிதர், ஒரு வாரம் பொறுத்தார். பிறகு தேரை எடுத்துவிட்டு ஒரு கார் ரேஸைப் போட்டார். "பழசையே போடேன் தம்பி" என்று கேட்டார். "அந்தப் புள்ள வீட்ட விட்டு வெளிய வரலை அண்ணாச்சி" என்றான் தம்பி. மதுரைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, இவனும் எடுக்கவில்லை. முட்டினால் ஊருக்கு ஆகாது, முட்டாவிட்டால் ஆட்டமே ஆகாது. இதற்கு நடுவில் ஒரு வழி உண்டா என்று இத்தனை வருஷம் யோசித்துவிட்டேன். எனக்குத் தெரியவில்லை. இருந்திருக்கும், இருபத்துநாலு வயதுப் பையனுக்கு அதை யோசிக்க யாராவது கொஞ்சம் மூச்சுவிட நேரம் கொடுத்திருந்தால்.

ஆடிப்பூரத்தன்று வெளியே வானம் அதிர வேட்டு. தம்பி மாடிக்கு வரவில்லை. கீழே அறையில் ஃப்ளாப்பிகளை அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் என்னோடு ராஜபாளையம் வந்து, சென்டரில் ஒவ்வொன்றாகப் போட்டு அழித்தான். முட்டுகிற தேர், முட்டாத தேர், அப்பளச் சக்கரம், ஆரக்கால் சக்கரம், பச்சை வீடு, மஞ்சள் வீடு எல்லாம் போயிற்று. நான் தடுத்தேன். "இருக்கட்டுமேலே, சோறா கேக்குது?" என்றேன். "இருந்தா யாராவது ஆடுவாங்கக்கா" என்றான். கடையிலிருந்த கம்ப்யூட்டரில் இருந்ததையும் ஆடிப்பூரத்துக்கு முன்னாலேயே போய் அழித்துவிட்டு வந்திருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அப்பாவிடம் போய், "மில்லுக்குப் போறேன்பா" என்றான். அப்பாவுக்கு ஜெயித்த மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "இன்னும் ஒரு மாசம் வேணா பாருய்யா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். தம்பி வேண்டாம் என்றுவிட்டான்.

அதற்கடுத்த வருஷம், பங்குனியில், ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் நாலைந்து பேர். முன்னால் லாரிக்காரர். தம்பி ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"தம்பி, அந்தப் பழைய தேரு எங்க?" என்றார்.

"அழிச்சிட்டேன் அண்ணே."

"அழிச்சிட்டியா? கடையில இல்லேன்னாலும் உன்கிட்ட இருக்கும்னுல்ல வந்தோம்!" அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீ யாருலே அத அழிக்கதுக்கு? அது நம்ம ஊரு தேருலே. நான் மூணாவது முனை தாண்டி நாலாவது வீதிக்கு ஒரே ஒரு தடவைதான் போயிருக்கேன். நிலைக்கு இன்னும் கொண்டு போகல. எனக்கு நெஞ்சுக்குள்ள அது அப்படியே நிக்குது தெரியுமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஆடுன அம்புட்டு நாளும் அப்பளம் அப்பளம்னு ஏசிப்புட்டு, இப்ப அழிச்சதுக்கும் வந்து ஏசுதீகளே, நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "ஏசாம? பிடிக்காத ஆட்டத்த எவன் டீச்சர் ஏசுவான்? எந்திரிச்சுல்ல போயிருவான்." சொல்லிவிட்டுத் தம்பியிடம் திரும்பினார். "பச்ச வீட்டுப் புள்ளைக்குப் போன தையில கோவில்பட்டிப் பக்கம் கல்யாணம் முடிஞ்சிருச்சுலே. அந்தக் கவல உனக்கு வேண்டாம். திரும்பச் செய். எம்புட்டு நாள் ஆனாலும் சரி."

பிடித்துப்போய்த்தான் ஏசினேன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனிதர்? எங்கள் ஊரில் பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் வாய் வெந்துபோய்விடும். குழந்தை அழகாக இருந்தால்கூடக் கண் படும் என்று "என்ன இப்படிக் கறுத்துப்போச்சு" என்றுதான் கொஞ்சுவார்கள். அந்த ஊரில் வளர்ந்த என் தம்பிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரியும். தெரிந்தாலும் தினம் ஒரு வாளியாகத் தலையில் கொட்டும்போது, இது பாசத்தில் கொட்டுகிறார்கள் என்று எவனுக்கு நிதானமாக நினைக்கத் தோன்றும்?

"பாக்கேன் அண்ணே" என்றான் தம்பி.

எனக்கு ஆசை வந்துவிட்டது. அடுத்த வார விடுமுறை நாளில் மத்தியானம் சென்டர் சாவியை வாங்கி, அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கலர் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செத்த நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிறகு தெருவுக்கு ஒரு கோடு போட்டான்.

"தெரு கோணலா இருக்கும்பாங்க" என்று அவனே சொல்லிக்கொண்டு அழித்தான்.

வடம் வரைந்தான். "தாம்புக் கயிறு மாதிரி இருக்கும்பாங்க." அழித்தான். ஒரு வீடு வரைந்தான். நிறம் அடிக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டான். "எந்த நிறம் அடிச்சாலும் யாராவது ஒருத்தர் வீடா இருக்கும்லாக்கா?" என்று கேட்டான். அதையும் அழித்தான். ஒரு ஆள்கூட அந்த அறையில் ஏசவில்லை. ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சண்டை போட்டவள் நான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவனும் இங்க இல்லலே. நீயும் நானுந்தான் இருக்கோம். இஷ்டத்துக்குச் செய்" என்றேன்.

"இல்லக்கா, எல்லாரும் இருக்காங்க" என்றான்.

கம்ப்யூட்டரை அணைத்துத் துணியைப் போட்டு மூடினான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். தேரடியில் இறங்கினால் எதிரில் லாரிக்காரர். டீக்கடையிலிருந்து கிளாஸோடு ஓடி வந்தார்.

"தொடங்கிட்டியா தம்பி? எப்படி வந்துருக்கு?"

"நல்லா வரல அண்ணே. விட்டுட்டேன்."

அவர் டீயைக் குடிக்க மறந்து அவனையே பார்த்தார்.

"நாங்க இன்னும் பாக்கவே இல்லையேலே" என்றார்.